பிரித்துப் பார்க்கிற கை

நாற்பத்தாறு வயதில் எனக்குத் திடீரென்று ஓர் ஆர்வம் தேவைப்பட்டது. அதுவரை அது இல்லாமல் நன்றாகத்தான் இருந்தேன். காலையில் திருத்தணியில் ரயில் ஏறுவேன், அரக்கோணத்தில் இறங்குவேன், அலுவலகத்தில் மற்றவர்களின் விடுப்பு மனுக்களை அடுக்கிவைப்பேன், சாயங்காலம் திரும்பி வருவேன். ஒருநாள் எங்கள் எல்லோரையும் ஒரு ஹாலில் உட்காரவைத்து, வெளியூரிலிருந்து வந்த ஒருவர் மைக்கில் பேசினார். "கண்ணை மூடுங்க. உங்க மனசு எதுக்காகத் துடிக்குதுன்னு பாருங்க" என்றார். மூடினேன். பக்கத்து நாற்காலிக்காரருக்கு கிரிக்கெட் தெரிந்ததாம். அவருக்குப் பின்னால் இருந்த அம்மாவுக்குப் பாட்டு. எனக்கு டிபன் பாக்ஸில் இருந்த எலுமிச்சை சாதம்தான் தெரிந்தது. அதை எழுந்து நின்று சொல்ல முடியுமா? நானும் பாட்டு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

சொன்னதைக் காப்பாற்ற ஒரு கீபோர்டு வாங்கினேன். மூன்று வாரம் ஒரே வரியை வாசித்தேன். எதிர்வீட்டு நாய் இடம் மாறிப் படுக்க ஆரம்பித்ததும் நிறுத்தினேன். அடுத்தது மாடித்தோட்டம். கத்தரிச்செடி பூவிட்டு, பிஞ்சு பிடித்து, நான் ரயிலில் எல்லோருக்கும் போட்டோ காட்டி முடித்த மறுநாள், மலையிலிருந்து இறங்கி வந்த குரங்குகள் தொட்டியோடு உருட்டிவிட்டுப் போயின. தோட்டக்கலையில் என்னைவிட அவற்றுக்கு உண்மையான ஆர்வம் இருந்தது. பிறகு காலை ஓட்டம். மலைப்படி அடிவாரம் வரை ஓடுவது, அங்கே ஒரு டீ குடிப்பது, ஆட்டோவில் திரும்புவது. அதுவும் நின்றது.

கல்லூரியில் படிக்கும் எங்கள் பெண் கேட்டாள். "நைனா, இது எத்தனாவது?"

"தேடிக்கினு இருக்கேம்மா. கிடைக்கிற வரைக்கும் தேடணும்னு அந்த மைக்குல பேசுனவர் சொல்லியிருக்கார்."

என் மனைவி இதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. கீபோர்டு உறையைத் துவைத்து மடித்து வைத்தாள். காலித் தொட்டிகளில் கறிவேப்பிலை நட்டாள். அவளிடம் மனது எதற்காகத் துடிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டிலிருப்பவளுக்கு அதெல்லாம் இருக்கும் என்று எனக்குத் தோன்றாததுதான் காரணம். இதை இப்போது எழுதும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சட்னி பாதி அரைபட்டுக்கொண்டிருக்கும்போது மிக்ஸி நின்றுபோனது. நான் போய் மோந்து பார்த்தேன்.

"மோட்டார் பூடுச்சு. புதுசுதான் வாங்கணும்" என்று தீர்ப்புச் சொன்னேன். எனக்கு மோட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வீட்டில் எது நின்றாலும் மோந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வது என் வேலை.

அவள் ஜாரை எடுத்துவிட்டு மிக்ஸியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். "இங்க ஒரு செவப்பு பட்டன் கீதுங்களே, இது இன்னாத்துக்கு?"

"அதெல்லாம் தொடாத. ஷாக் அடிக்கும்."

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொட்டாள். அழுத்தினாள். திரும்பச் செருகினாள். மிக்ஸி ஓடியது. சட்னி கிடைத்தது. எனக்கு அத்தோடு விஷயம் முடிந்தது. அவளுக்கு முடியவில்லை.

"ஏன் நின்னுச்சு?"

"லோடு அதிகமாயிருக்கும்."

"லோடு அதிகமாச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுத் தூங்கினேன். எழுந்து வந்து பார்த்தபோது கூடத்தில் பேப்பர் விரித்து, அதன்மேல் மிக்ஸி முழுசாகப் பிரிந்து கிடந்தது. கழற்றிய ஸ்க்ரூக்களை இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாகப் போட்டிருந்தாள், எந்தக் குழி எந்த இடத்து ஸ்க்ரூ என்று தெரியும்படி. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எந்த ஒயர் எங்கே போகிறது என்று படம் வரைந்திருந்தாள். கோணல்மாணலான படம். ஆனால் அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. கூப்பிட்டேன், காதில் விழவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டதும் நிமிர்ந்து, "டீ நீங்களே போட்டுக்கிறீங்களா?" என்றாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. சர்க்கரை எங்கே என்று கேட்க நினைத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நானே தேடினேன்.

மிக்ஸி திரும்பச் சேர்ந்து ஓடியது. பிறகு பக்கத்து வீட்டு மிக்ஸி. உள்ளே கரித்துண்டு போல இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. அரக்கோணத்தில் அதை வாங்கிவரும் வேலை எனக்கு. மூன்று கடை ஏறி இறங்கித் தப்பான சைஸை வாங்கிவந்தேன். மறுநாள் திரும்பப் போனேன். தெருவில் மெல்லச் செய்தி பரவி, எங்கள் வீட்டுக்கு அயர்ன் பாக்ஸ், கிரைண்டர், சுடுதண்ணீர் ஹீட்டர் எல்லாம் விருந்தாளிகள்போல வர ஆரம்பித்தன.

அவள் முதலில் காயில் என்கிற கம்பிச் சுருளைச் சுற்றியது ஒரு டேபிள் ஃபேனுக்கு. எரிந்துபோன செம்புக் கம்பியை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவைத்து, புதுக் கம்பியில் அதே கணக்கில் சுற்றினாள். எண்ணும்போது யாரும் பேசக் கூடாது. நான் ஒருமுறை "குழம்புக்குப் புளி போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டேன். முந்நூற்றுச் சொச்சத்தில் விட்டுப்போனது. திரும்ப முதலிலிருந்து. அன்று புளியில்லாத குழம்பு.

ஃபேன் ஓடியது. நன்றாகவே ஓடியது. ஆனால் தலைகீழாக. காற்று முன்னால் வராமல் சுவர்ப்பக்கம் போனது. நான் அவளை உற்சாகப்படுத்த, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஃபேனுக்கும் சுவருக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்து, "அருமையா வருது" என்றேன். பெண் சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். என் மனைவி சிரிக்கவில்லை. இரண்டு நாள் யோசித்தாள். பிறகு இரண்டு முனைகளை மாற்றிக் கட்டினாள். காற்று நேராக வந்தது. ஏன் அப்படி என்று அப்போது அவளுக்கும் தெரியாது. தெரியாமலே சரியானது அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது.

பொதட்டூர்பேட்டையில் அவள் தம்பிக்கு நான்கு பவர்லூம். லுங்கி நெய்கிறார்கள். ஒரு தறியின் மோட்டார் எரிந்துபோய், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் கடையில் ஒரு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். "நான் பண்றேன்டா" என்று இவள் போனாள். நானும் கூடப் போனேன். ஐந்து நாள் அங்கேயே தங்கிச் சுற்றினாள். ஆறாம் நாள் தறியில் மாட்டி சுவிட்சைப் போட்டார்கள். மோட்டார் சுழலவில்லை. உறுமியது. பிறகு கருகின வாசனை, புகை. தம்பி ஓடிவந்து சுவிட்சை அணைத்தான்.

மற்ற மூன்று தறிகளின் சத்தத்துக்கு மேலே அவன் கத்தினான். "ஆறு நாளா தறி நிக்குது. ஆர்டர்காரன் போன் மேல போன் போட்டுகினு இருக்கான். வூட்ல பொழுது போலன்னா மலைக்குப் போய் சாமி கும்பிடுக்கா! மோட்டார் இன்னா உனக்கு கோலமா?" பிறகு என்னைப் பார்த்து, "நீங்களாவது சொல்லக் கூடாதா பாவா?" என்றான்.

அவள் விரல் முனையெல்லாம் கம்பி அறுத்த கீறல். அந்தக் கையைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூடிரைவர், குறடு, மீதிக் கம்பி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். அடுத்த நாள் மிக்ஸியோடு வந்த பக்கத்துத் தெரு அம்மாவிடம், "எனக்குத் தெரியாதும்மா, கடையில குடுத்துடுங்க" என்றாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கு வருத்தமாக இருந்தது உண்மை. அதற்கடியில் ஓர் அற்பச் சந்தோஷமும் இருந்தது. கீபோர்டு, கத்தரிச்செடி, ஓட்டம் என்று தோற்றவன் வீட்டில் நான் ஒருவனே இல்லை என்கிற சந்தோஷம். டீயும் நேரத்துக்கு வந்தது. குழம்பில் புளியும் இருந்தது.

அந்த நாட்களில்தான் அரக்கோணம் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு சுவரில் அந்த நோட்டீஸைப் பார்த்தேன். மோட்டார் வைண்டிங் பயிற்சி, மூன்று மாதம், சனி ஞாயிறு மட்டும், வயது வரம்பு இல்லை. படித்தேன். வீட்டுக்குப் போனேன். சொல்லவில்லை. மறுநாளும் படித்தேன். அதில் ஒன்றும் மாறியிருக்கவில்லை. அன்றும் சொல்லவில்லை. மறந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறந்துபோன ஒன்றைத் தினமும் நின்று படிக்கிறவனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான்காம் நாள் சாயங்காலம் நாங்கள் இருவரும் வாசலில் நின்றிருந்தோம். பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டாள். "பேரிங் போயிருக்கு. இன்னும் பத்து நாள் தாங்காது" என்றாள், யாரிடமும் இல்லாமல். சொன்ன உடனே, ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டவள்போல வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. சமையலறைக்குப் போய் நோட்டீஸைப் பற்றிச் சொன்னேன்.

"எப்ப பாத்தீங்க?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். "நாலு நாள் ஆச்சு."

என்னையே பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. "ஆங்" என்று மட்டும் சொல்லிவிட்டு அரிசி களைந்தாள். அந்த வாரம் முழுக்க எனக்கு மோரில் உப்பு இல்லை. நானும் கேட்கவில்லை.

முதல் நாள் அவளோடு நானும் போனேன். பயிற்சி கொடுப்பவர் முப்பது வயதுக்காரர். எங்களைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து, "பையனைக் கூட்டிகினு வரலீங்களா?" என்றார்.

"எனக்குப் பையன் இல்லீங்க. நான்தான் சேர வந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். "நான் பை தூக்கிக்கினு வந்தேங்க" என்றேன். அது உண்மை. பையில் அவளுடைய நோட்டு, கண்ணாடி, இரண்டு பேருக்கு எலுமிச்சை சாதம்.

வகுப்பில் பதினாறு பேர். மற்ற பதினைந்து பேருக்கும் இன்னும் மீசை சரியாக வரவில்லை. முதல் வாரம் ஆன்ட்டி என்றார்கள். இரண்டாம் வாரம் அக்கா. ஐந்தாம் வாரம், "அக்கா, உங்க நோட்டைக் கொஞ்சம் குடுங்க" என்று வரிசையில் நின்றார்கள். அவள் முதல் நாளே கையைத் தூக்கி, டேபிள் ஃபேன் ஏன் தலைகீழாகச் சுற்றியது என்று கேட்டாளாம். அவர் கரும்பலகையில் படம் போட்டு முக்கால் மணி நேரம் விளக்கினாராம். ரயிலில் திரும்பும்போது எனக்கும் விளக்கினாள். பாதி வழி வருவதற்குள் நான் தூங்கிவிட்டேன். எதிர் சீட்டில் வழக்கமாக வரும் பூக்காரம்மா முழுசாகக் கேட்டு, நடுவில் ஒரு சந்தேகம் வேறு கேட்டிருக்கிறார்.

பொதட்டூர்பேட்டை மோட்டார் ஏன் புகைந்தது என்பது ஏழாம் வாரம் தெரிந்தது. ஒரே ஒரு காயிலின் முனையை மாற்றிச் சேர்த்திருக்கிறாள். அதோடு, தறியில் மாட்டுவதற்கு முன்னால் ஒரு பல்பை இணைத்துச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். அவளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அன்று ரயிலில் அந்த இணைப்பை நோட்டில் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, "முட்டாள்தனம் இல்லீங்க. தெரியாததுதான்" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் எனக்குச் சொல்லவில்லை என்பது புரிந்து மூடிக்கொண்டேன்.

பயிற்சி முடிந்த மறுவாரம் தம்பி வீட்டுக்குப் போனோம். அவன் புது மோட்டார் வாங்கி மாட்டியிருந்தான். பழையது ஒரு மூலையில் நூல் கழிவுக்கடியில் கிடந்தது.

"அதைக் குடுடா."

"இன்னும் அதை இன்னா பண்ணப்போற? எடைக்குப் போடத்தான் வெச்சிருக்கேன். எடுத்துனு போ."

பஸ்ஸில் அதை மடியில் வைக்க முடியவில்லை, காலுக்கடியில் வைத்தோம். கண்டக்டர் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, குண்டா?" என்றார். நான் மோட்டார் என்றேன். "உங்க மூஞ்சியப் பாத்தா குண்டு மாதிரிதான் கீது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எட்டு நாள் எடுத்துக்கொண்டாள். அவசரப்படவில்லை. வார்னிஷ் பூசி, மொட்டைமாடி வெயிலில் இரண்டு நாள் காயவைத்தாள். குரங்கு வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. ஒரு கையில் குச்சி, ஒரு கையில் குடை. அலுவலகத்துக்கு விடுப்பு போட்டேன். காரணம் என்ற இடத்தில் சொந்த வேலை என்று எழுதினேன். மற்றவர்களின் விடுப்பு மனுவில் இதே வார்த்தையைப் பார்க்கும்போதெல்லாம் என்ன வேலையாக இருக்கும் என்று யோசித்திருக்கிறேன். இப்போது தெரிகிறது, எதுவாகவும் இருக்கலாம்.

பல்பு வைத்துச் சோதித்தாள். ஒருமுறை இல்லை, நான்கு முறை. பிறகு தம்பி வீட்டுக்கு எடுத்துப்போனோம். உன் தறியில் மாட்டிப் பார் என்றாள். அவன் தயங்கினான். ஓடிக்கொண்டிருக்கிற தறியை நிறுத்தி, எரிந்த மோட்டாரை மறுபடி மாட்ட யாருக்குத் தைரியம் வரும்? அவன் பெண்டாட்டிதான் அடுப்படியிலிருந்து வந்து, "பாவு நூல் மாத்துறதுக்கு அந்தத் தறி எப்படியும் மதியானம் நிக்கத்தானே போவுது? மாட்டித்தான் பாருங்களேன்" என்றாள். மாட்டினான். சுவிட்சைப் போட அவன் கை போகவில்லை. அவளே போய்ப் போட்டாள்.

மோட்டார் சுழன்றது. உறுமல் இல்லை. வாசனை இல்லை. தறி சாதாரணமாக, எதுவுமே நடக்காததுபோல அடிக்க ஆரம்பித்தது. என் மனைவி சிரிக்கவுமில்லை அழவுமில்லை. காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி மோட்டார்மேல் கையை வைத்துச் சூடு பார்த்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். அரை மணி நேரம் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. பிறகு வந்து, அவளைப் பார்க்காமல், "டீ சாப்புடுறியாக்கா?" என்றான்.

"சாப்புடுறேன். சர்க்கரை கம்மியா."

அவனே போட்டுக் கொண்டுவந்தான். அடுத்த வாரம் அவனுக்குத் தெரிந்த இரண்டு தறிக்காரர்கள் மோட்டாரோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள்.

இப்போது எங்கள் கூடத்தில் சோபா இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு நீள மேஜை, அதன்மேல் வயிறு திறந்த மோட்டார்கள். யாராவது வந்தால் நின்றுகொண்டே பேசிவிட்டுச் சீக்கிரம் போய்விடுகிறார்கள். அது ஒரு வசதி. நான் சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டேன். எங்கள் பெண் அதைச் சாப்பிட்டுவிட்டு, "இது ஆர்வமா நைனா, இல்ல பசியா?" என்றாள்.

ஒருநாள் மனைவியிடம் நேராகவே கேட்டேன். "இதுதான் உனக்குப் புடிச்சதுன்னு எப்படிக் கண்டுபுடிச்ச?"

கம்பியை வெட்டிக்கொண்டே யோசித்தாள். "புடிச்சதான்னு தெர்லீங்க. ஓடிகினு இருந்தது நின்னா, ஏன் நின்னுச்சுன்னு தெரிஞ்சாகணும். தெரியலன்னா சோறு எறங்க மாட்டேங்குது. அவ்ளோதான்." பிறகு, "நீங்க இன்னா தேடுறீங்க?" என்றாள்.

என்ன தேடினேன் என்று அன்று வெகுநேரம் யோசித்தேன். எழுந்து நின்று சொல்வதற்கு ஒரு பதில் தேடினேன் என்றுதான் நினைக்கிறேன். கீபோர்டை வாசித்த மூன்று வாரமும், அதை வாசிக்கிறவன் என்று ரயிலில் சொல்வதில் இருந்த ருசி, வாசிப்பதில் எனக்கு இருந்ததில்லை.

போன மாதம் கே.ஜி.கண்டிகைப் பக்கத்தில் ஒரு விவசாயி, கிணற்று மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்று அவளைக் கூப்பிட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை, நானும் போனேன். அவள் கிணற்றடி ஷெட்டுக்குள் போய்விட்டாள். நான் சாப்பாட்டுப் பையோடு வேர்க்கடலை வரப்பில் உட்கார்ந்தேன். விவசாயி வந்து மரியாதைக்குப் பேச்சுக் கொடுத்தார்.

"அம்மா மோட்டார் பாக்குறாங்க. நீங்க இன்னா பண்றீங்க சார்?"

என்னமோ அன்று உண்மையைச் சொல்லத் தோன்றியது. "தேடிக்கினு இருக்கேங்க" என்றேன்.

"அடடா, இன்னா சார் உழுந்துடுச்சு? மோதிரமா?" என்று அவர் உடனே குனிந்து கடலைக்கொடியை விலக்கி விலக்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நல்ல மனிதர். அவரை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் நானும் கூடக் குனிந்தேன். இரண்டு பேரும் ஒரு வரப்பு முழுக்கத் தேடினோம். வெயில் முதுகில் இதமாகத்தான் இருந்தது.

அப்போது மோட்டார் கிளம்பும் சத்தம் கேட்டது. குழாய் இரண்டு முறை இருமியது, பிறகு தண்ணீர் தடதடவென்று தொட்டியில் விழுந்தது. விவசாயி என்னை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, மண் ஒட்டிய என் முட்டியைப் பார்த்து, "இன்னாங்க பண்ணிகினு இருந்தீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. வா, சாப்புடலாம்" என்றேன். தொட்டித் தண்ணீரில் இரண்டு பேரும் கை கழுவினோம்.